முதலில் பேச வேண்டிய இடத்தில் சுமாரான கை: போக்கரில் சின்ன பெட் வைப்பது எப்படி?

வடசென்னையில் சீட்டு என்றால் முதலில் ரம்மி, அடுத்து மூணு சீட்டு. இந்த இரண்டிலும் பழகிய பிறகு டெக்சாஸ் ஹோல்டம் போக்கருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கையில் சுமாராக ஒரு ஜோடி இருக்கும். ஐந்தாவது பொதுச் சீட்டும் விழுந்துவிட்டது. முதலில் பேச வேண்டியவர் நீங்கள். செக் சொன்னால், அதாவது எதுவும் வைக்காமல் முறையைத் தள்ளிவிட்டால், எதிரில் இருப்பவர் பெரிய பெட் ஒன்றை வைத்து உங்களைத் திணறடிப்பார். நீங்களே பெரிதாக வைத்தால் உங்களைவிட நல்ல கை வைத்திருப்பவர் மட்டும் கால் பண்ணுவார் (அதே தொகையைப் போட்டுத் தொடர்வார்), மற்றவர்கள் கீழே போட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் இடி.

இந்த மாதிரி நேரத்தில் பாட்டில், அதாவது நடுவில் எல்லோரும் வைத்துச் சேர்ந்த தொகையில், கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ வைப்பது ஒரு நல்ல வழி. ஆட்டக்காரர்கள் இதை பிளாக் பெட் (தடுப்பு பெட்) என்பார்கள். புதிதாக வருகிறவர்களில் பலர் இதைப் பயத்தில் வைக்கிறார்கள், அதனால்தான் அது அவர்களுக்குப் பலிப்பதில்லை. கணக்குத் தெரிந்து வைத்தால் இது நல்ல ஆயுதம். அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். ஃப்ளாப் என்பது முதல் மூன்று பொதுச் சீட்டு, டர்ன் நாலாவது, ரிவர் ஐந்தாவது. எந்தக் கை எதை வெல்லும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம்: காசு வைத்து ஆடாதீர்கள். போக்கரும் ரம்மியும் திறமை விளையாட்டுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது உண்மைதான். ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. வீட்டில் காசு வைத்து நாலு பேரைக் கூட்டி ஆட்டம் நடத்துவதும் வம்புதான். சூதாட்ட விடுதி நடத்துவதற்கு சென்னை மாநகரக் காவல் சட்டத்தில் 1888-இலிருந்தே தண்டனை இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், சீட்டில் தாலி வரை போன குடும்பங்களை நம் தெருக்களிலேயே பார்த்திருக்கிறோம். நான் சொல்லப்போகும் எதற்கும் ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை. புள்ளிக் கணக்குக்கு ஒரு நோட்டு போதும்.

சிப்ஸ் வாங்கவும் வேண்டாம். ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ கேரம் போர்டு இல்லாத தெரு ஏது? கேரம் காய் 100 புள்ளி, சட்டைப் பட்டன் 25, புளியங்கொட்டை 5. ஆளுக்கு 6 காய், 12 பட்டன், 20 கொட்டை கொடுத்தால் சரியாக 1000 வரும். சிவப்பை எடுத்து வைத்துவிட்டு இரண்டு செட் கேரம் காய்களைச் சேர்த்தால் 36. ஆறு பேருக்குப் போதும். சீட்டு போடுவதற்கு முன்பே இருவர் கட்டாயம் வைக்கும் தொகைதான் பிளைண்டு. சின்ன பிளைண்டு 5, பெரிய பிளைண்டு 10 என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

முதல் படி: யார் கடைசியில் பேசுகிறார் என்று பாருங்கள்

டீலர் பட்டன் (சீட்டுப் போடுகிறவர் யார் என்று காட்டும் அடையாளம், புள்ளிக்கான சட்டைப் பட்டன் இல்லை) யாரிடம் இருக்கிறதோ, அவருக்கு இடது பக்கம் சின்ன பிளைண்டு, அதற்கடுத்து பெரிய பிளைண்டு. ஃப்ளாப் விழுந்த பிறகு பேச்சு சின்ன பிளைண்டிலிருந்து ஆரம்பித்து பட்டனில் முடியும். கடைசியில் பேசுகிறவருக்குப் பெரிய வசதி. மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம், பிடிக்காவிட்டால் செக் சொல்லி இலவசமாகச் சீட்டைத் திறந்து பார்க்கலாம். பிளைண்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த இரண்டுமே கிடையாது. இரண்டே பேர் ஆடும்போது மட்டும் ஒரு வித்தியாசம்: பட்டன் வைத்திருப்பவரே சின்ன பிளைண்டு போடுவார், ஃப்ளாப்புக்கு முன் முதலில் பேசுவார், அதற்குப் பிறகு கடைசியில் பேசுவார்.

மூணு சீட்டில் இருந்து வருகிறவர்கள் இந்தப் படியைச் சாதாரணமாக நினைத்துவிடுகிறார்கள். அங்கே செக் என்பதே கிடையாது. முறை வந்தால் போடு, இல்லையென்றால் பேக் ஆகிவிடு. அதனால் முதலில் பேசுவதில் இருக்கும் கஷ்டம் அங்கே இந்த அளவுக்குத் தெரியாது. போக்கரில் ஒரே கை, பட்டனில் இருந்தால் ஒரு விதமாகவும் பிளைண்டில் இருந்தால் இன்னொரு விதமாகவும் ஆட வேண்டியிருக்கும். இந்தக் கட்டுரை முழுக்க நீங்கள் பிளைண்டில் இருக்கிறீர்கள், எதிராளி பட்டனில் இருக்கிறார்.

இரண்டாம் படி: கை உண்மையிலேயே சுமாரானதுதானா?

சுமாரான கை என்றால், திறந்து காட்டினால் பல நேரம் ஜெயிக்கும், ஆனால் பெரிய பாட்டைத் தாங்காது. பொதுச் சீட்டில் ராஜா இருக்க, உங்களிடம் இரண்டாவது ஜோடி. அல்லது பெரிய ஜோடியே இருந்தும் பக்கச் சீட்டு ரொம்பச் சின்னது. அல்லது பொதுச் சீட்டில் நாலு ஆட்டின் கிடக்க, உங்கள் கையில் ஆட்டின் 8 மட்டும். இவையெல்லாம் சின்ன பெட்டுக்கு ஏற்ற கைகள்.

ஜோடிகூட இல்லாமல் வெறும் ராணி உயரத்தில் நிற்கும் கை சுமாரானது இல்லை, ஒன்றுமில்லாத கை. அதை வைத்துப் பாட்டில் கால் பங்கு பெட் வைத்தால் யார் கீழே போடுவார்கள்? இரண்டு ஜோடி, செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) மாதிரி கைகள் இன்னொரு ஓரம். அவற்றுக்கு எப்போதும் சின்னதாக வைத்தால் வர வேண்டிய புள்ளி வராமல் போகும். நடுவில் இருக்கும் கைக்குத்தான் இந்த உத்தி.

மூன்றாம் படி: கால் பண்ணக்கூடிய மட்டமான கைகளைப் பேர் சொல்லிப் பாருங்கள்

இருப்பதிலேயே முக்கியமான படி இதுதான். புளியங்கொட்டையில் கை வைப்பதற்கு முன் மனசுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்: "என்னைவிட மட்டமான எந்தக் கை இதைக் கால் பண்ணும்?" இரண்டு மூன்று கைகளைப் பேர் சொல்ல முடிந்தால் பெட் வைக்கலாம். ஒன்றுகூடத் தோன்றவில்லையென்றால் செக் சொல்லுங்கள். 'ஏதோ வைத்துப் பார்ப்போம், அவன் என்ன செய்கிறான் என்று தெரியும்' என்பதெல்லாம் காரணமே இல்லை.

ஒரு ஆட்டத்தை முழுசாகப் பார்க்கலாம். பட்டனில் இருப்பவர் 25-க்கு ரெய்ஸ் செய்கிறார், அதாவது தொகையை ஏற்றுகிறார். சின்ன பிளைண்டு 5-ஐ விட்டுவிட்டுப் போய்விடுகிறார். பெரிய பிளைண்டில் உங்களிடம் டைமன் 10, டைமன் 9. கால் பண்ணுகிறீர்கள். பாட் 55.

ஃப்ளாப்: இஸ்பேடு ராஜா, ஆட்டின் 10, கிளாவர் 4. செக் சொல்கிறீர்கள். அவர் 20 வைக்கிறார், நீங்கள் கால். பாட் 95. டர்ன் டைமன் 6. இருவரும் செக். ரிவர் இஸ்பேடு 2. இப்போது உங்கள் முறை.

டர்னில் அவர் செக் சொன்னதை மறந்துவிடாதீர்கள். ராஜாவோடு ஏஸோ ராணியோ வைத்திருந்தால் பெரும்பாலும் அங்கேயே மறுபடி பெட் வைத்திருப்பார். ஆக அவரிடம் இருக்கக்கூடியவை மூன்று வகை. முதல் வகை உங்களைவிட மட்டமான ஜோடிகள்: 9 ஜோடி, 8 ஜோடி, 7 ஜோடி, ஒரே பூவில் ஏஸும் 4-ம். மிச்சச் சீட்டுகளில் ஒரு கை எத்தனை விதமாக அமையலாம் என்பதை வழி என்போம். ஒரு 9 உங்களிடம் இருப்பதால் 9 ஜோடிக்கு 3 வழி, மற்ற இரண்டுக்கும் 6, 6, ஏஸ்-4-க்கு 3. மொத்தம் 18. இரண்டாம் வகை உங்களை வெல்கிறவை: ஒரே பூவில் ராஜா-9, ராஜா-8, ராஜா-7 சேர்த்து 8 வழி. ஒரே பூவில் 10-உடன் ஏஸ், ராணி, ஜாக்கி சேர்ந்தவை ஒவ்வொன்றும் 2, ஆக 6. மொத்தம் 14. மூன்றாம் வகை, ஏஸோ 9-ஓ வரும் என்று காத்திருந்து ஏமாந்த ராணி-ஜாக்கி: 16 வழி.

உண்மையான எதிராளியிடம் இன்னும் நாலைந்து கைகள் கூடவோ குறையவோ இருக்கும். எண்ணிப் பழக இது போதும்.

இப்போது 25 வைக்கிறீர்கள். ராணி-ஜாக்கி போய்விடும். மட்டமான ஜோடிகள் 18, நல்ல கைகள் 14 கால் பண்ணும். 18 தடவை 25 வரவு, 14 தடவை 25 செலவு. நிகரமாக 100 புள்ளி லாபம். மொத்தம் 48 வழிகள் என்பதால் ஒரு தடவைக்குச் சராசரி 2 புள்ளி. கொஞ்சம்தானே என்று தோன்றும். செக் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும்.

செக் சொன்னால் மட்டமான ஜோடிகளும் செக் சொல்லிவிடும், அவற்றிடமிருந்து ஒன்றும் வராது. நல்ல கைகள் 14-ம் ஒரு 60 வைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஏமாந்த ராணி-ஜாக்கி என்ன செய்யும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் பிளஃபே செய்யாதவர், அதாவது கை இல்லாமல் பெட் வைத்து மிரட்டாதவர் என்றால், 60 வந்ததும் கீழே போட்டுவிடலாம். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. 16-லும் பிளஃப் செய்கிறவர் என்றால், நீங்கள் எப்போதும் கால் பண்ணினால் 16 தடவை 60 வரவு, 14 தடவை 60 செலவு. நிகரம் 120, சின்ன பெட்டைவிட ஒரு பிடி அதிகம். ஆனால் பாதி நேரம், அதாவது 8-ல் மட்டும் பிளஃப் செய்கிறவர் என்றால்? எப்போதும் கால் பண்ணினால் 360 புள்ளி நஷ்டம். எப்போதும் கீழே போட்டால், ஜெயிக்க வேண்டிய 95 புள்ளிப் பாட்டை 8 தடவை கைவிட்டு 760 நஷ்டம்.

பார்த்தீர்களா? எதிராளி எவ்வளவு பிளஃப் செய்வார் என்று சரியாகத் தெரிந்தால் செக் சொல்வதிலும் லாபம் பார்க்கலாம். தெரியாதபோது செக் சொன்னால் பெரிய பெட் வந்து, கால் பண்ணினாலும் அடி, போட்டாலும் அடி என்ற நிலை. சின்ன பெட் மூன்று விதமான ஆளிடமும் அந்த 100-ஐக் கொண்டுவருகிறது. ரிவரில் அவர் பிளஃப் ரெய்ஸ் செய்யாத வரை இது பொருந்தும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காசிமேட்டில் மீன் வாங்கப் போகிறவர்களுக்கு இது ஏற்கனவே தெரியும். கூடை என்ன விலை என்று கேட்டால், அந்த அக்கா சொல்லும் விலையிலிருந்துதான் பேரம் ஆரம்பிக்கும். நீங்களே முதலில் ஒரு விலையைச் சொல்லிவிட்டால் பேச்சு அதைச் சுற்றித்தான் நடக்கும். ரிவரில் 25 வைப்பதும் அப்படி விலையை நீங்கள் சொல்வதுதான். கேட்கிற விலை அநியாயமாகக் குறைவாக இருந்தால் அக்கா திட்டி அனுப்புவது மாதிரி, இங்கேயும் ரொம்பக் குறைத்தால் ரெய்ஸ் வரும்.

நான்காம் படி: எவ்வளவு வைப்பது?

பாட்டில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. இதற்குக் காரணம் எதிராளிக்குக் கிடைக்கும் விலை. பாட் 100 இருக்கும்போது 25 வைத்தால், அவர் 125-ஐ ஜெயிக்க 25 போட வேண்டும். ஆறில் ஒரு தடவை, அதாவது சுமார் 17 சதவீதம் ஜெயித்தாலே அவருக்குக் கட்டுப்படியாகும். 33 வைத்தால் 20 சதவீதம். 75 வைத்தால் 30 சதவீதம் வேண்டும். 7 ஜோடி வைத்திருப்பவர் 17 சதவீதத்துக்குத் துணிவார், 30-க்குத் துணிய மாட்டார். நமக்கு வேண்டியது அந்த 7 ஜோடி கால் பண்ணுவதுதானே? அதனால்தான் சின்னது.

அதற்காக 95 புள்ளிப் பாட்டில் வெறும் 10 வைக்காதீர்கள். விதிப்படி பெரிய பிளைண்டு அளவுதான் குறைந்தபட்ச பெட், ஆகவே 10 வைக்கலாம்தான். ஆனால் அதில் வருவதும் சொற்பம், 'இவன் பயப்படுகிறான்' என்று ரெய்ஸ் செய்யவும் தூண்டும். பாதிப் பாட்டுக்கு மேல் போனால் மட்டமான கைகள் கழன்றுகொள்ளும். தொகையை வாயால் சொல்லிவிட்டு, ஒரே வீச்சில் வையுங்கள். கொஞ்சம் வைத்து, முகத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வைப்பது போக்கரில் செல்லாது. வேகமும் முக்கியம். நல்ல கைக்குச் சட்டென்று வைத்து, சுமாரான கைக்கு ஒரு நிமிஷம் யோசித்தால் எதிரில் இருப்பவருக்குக் கணக்கே தேவையில்லை.

ஐந்தாம் படி: ரெய்ஸ் வந்தால் என்ன செய்வது என்பதை முன்னாலேயே முடிவு செய்யுங்கள்

25 வைத்தீர்கள், அவர் 100 ஆக்கினார். பாட் இப்போது 220. நீங்கள் இன்னும் 75 போட வேண்டும், ஏறக்குறைய நாலில் ஒரு தடவை ஜெயித்தால் கட்டுப்படியாகும். நண்பர்களோடு ஆடும் ஆட்டத்தில் ரிவர் ரெய்ஸ் நாலில் ஒரு தடவை பிளஃபாக இருக்குமா? என் அனுபவத்தில் இருக்காது. ரிவரில் ரெய்ஸ் செய்கிறவரிடம் பெரும்பாலும் கை இருக்கும். ஆகவே கீழே போடுங்கள். செக் சொல்லியிருந்தால் 60-ஐக் கால் பண்ணித் தோற்றிருப்பீர்கள், இப்போது 25-ஓடு போகிறது.

சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் "சும்மா மிரட்டுறான் மச்சான், கால் பண்ணிப் பாத்துடு" என்பார். மூணு சீட்டில் ஷோ கேட்டுப் பழகிய கை துடிக்கும். அந்த 75-ஐப் போட்டுவிட்டால் இந்த உத்தியே பாழ். சின்ன பெட்டின் லாபம் ஒரு தடவைக்கு 2 புள்ளி என்று பார்த்தோம். அதை வைத்து 75 புள்ளி ஆசையை நிரப்ப முடியாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எதிராளி பிளஃப் ரெய்ஸ் செய்கிறவராக இருந்தால் நிலைமை தலைகீழ். ராணி-ஜாக்கியின் 16 வழிகளில் ஒன்றே ஒன்றில் அவர் ரெய்ஸ் செய்து உங்களை விரட்டினாலும், 95 புள்ளிப் பாட்டும் நீங்கள் வைத்த 25-ம் சேர்த்து 120 போகிறது. சேர்த்துவைத்த 100 லாபமும் அதோடு கரைந்துவிடும். அதனால்தான் அடுத்த படி.

ஆறாம் படி: எதிரில் யார்?

சாதுவான ஆள், கை இருந்தால்தான் பெரிதாக வைப்பார், சுமாரான ஜோடியைக் கால் பண்ணிப் பார்க்கும் ஆசை உள்ளவர்: சின்ன பெட்டுக்கு இவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது. பழகும் நாட்களில் இவரிடம் மட்டும் முயன்று பாருங்கள்.

எதையும் கால் பண்ணுகிறவர்: இவரிடம் ஏன் சின்னதாக வைக்க வேண்டும்? பாதிப் பாட் வையுங்கள். 7 ஜோடியை வைத்துக்கொண்டு அதையும் கால் பண்ணுவார்.

செக் என்ற சொல்லைக் கேட்டதும் பாய்கிறவர்: இவரிடம் பேசாமல் செக் சொல்லுங்கள், பெட் வந்ததும் கால் பண்ணுங்கள். அவர் பிளஃபை அவரே வைக்கட்டும். சின்ன பெட் வைத்தால் அவருடைய ஏமாந்த கைகளை நீங்களே எழுப்பி வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்.

சின்ன பெட்டைப் பார்த்தாலே ரெய்ஸ் செய்கிறவர்: சுமாரான கையோடு இவருக்கு எதிராகச் சின்னதாக வைக்கவே வேண்டாம். செட் கிடைக்கும்போது வையுங்கள், அவரே வந்து விழுவார்.

யார் எந்த வகை என்பது ஒரு நாளில் தெரியாது. அதே ஆட்களோடு திரும்பத் திரும்ப உட்கார வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும் அந்த நாட்களில் காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலுக்குப் போகிற நண்பர்களும் இரவில் வீட்டில் இருப்பார்கள். ஒரே ஆறு பேர் இரண்டு மாதம் தொடர்ந்து ஆடக் கிடைத்தால், ஆளைப் படிக்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

ஆனால் நீங்கள் அவர்களைப் படிக்கும்போது அவர்களும் உங்களைப் படிப்பார்கள். சின்ன பெட் என்றால் சுமாரான கை என்று ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், சாதுவானவர்கூட ரெய்ஸ் செய்ய ஆரம்பிப்பார். ஆகவே இரண்டு ஜோடி, செட் மாதிரி பலமான கைகளிலும் சில நேரம் அதே கால் பங்கு வையுங்கள். நாலைந்து சின்ன பெட்டில் ஒன்று இப்படி இருந்தால் வீட்டு ஆட்டத்துக்குப் போதும். யாராவது ரெய்ஸ் செய்து, நீங்கள் திருப்பி ரெய்ஸ் செய்து, ஒரு தடவை செட்டைத் திறந்து காட்டினால் ரொம்ப நாளைக்கு உங்கள் சின்ன பெட்டுக்கு மரியாதை இருக்கும்.

ரிவருக்கு முன்னால் வைக்கலாமா?

ஃப்ளாப்பில் பெரும்பாலும் வேண்டாம். ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்தவர் பேசட்டும் என்று செக் சொல்லிவிடுங்கள். அங்கே இன்னும் இரண்டு சீட்டு வர வேண்டியிருக்கிறது, சுமாரான கையின் கதி அதற்குள் எப்படியும் மாறலாம்.

டர்னில் ஒரு நல்ல இடம் உண்டு. கையிலும் பொதுச் சீட்டிலும் சேர்த்து நாலு ஆட்டின் வந்துவிட்டது, ஐந்தாவதுக்குக் காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டுகளில் 9 ஆட்டின் மிச்சம். வரும் வாய்ப்பு 20 சதவீதத்தை ஒட்டி. செக் சொல்லி அவர் முக்கால் பாட் வைத்தால் உங்களுக்கு 30 சதவீதம் வேண்டும், கட்டுப்படியாகாது. நீங்களே பாட்டில் மூன்றில் ஒரு பங்கு வைத்து, அவர் வெறுமனே கால் பண்ணினால், 20 சதவீத விலையில் கடைசிச் சீட்டைப் பார்த்துவிடலாம். அதோடு ஒரு ஜோடியும் கையில் இருந்தால் இன்னும் நல்லது. அவர் ரெய்ஸ் செய்தால் பெரும்பாலும் விட்டுவிட வேண்டியிருக்கும். எனவே இதற்கும் சாதுவான எதிராளிதான் தேவை.

ரிவரில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் நான் முன்னே சொன்ன ஆட்டின் 8. பொதுச் சீட்டில் ஏஸ் இல்லாமல் நாலு ஆட்டின், உங்களிடம் 8 ஒன்று மட்டும். செக் சொன்னால் ஏஸோ ராஜாவோ வைத்திருப்பவர் பெரிதாக வைப்பார், ஆட்டினே இல்லாதவர் அதைப் போலவே நடிப்பார். கால் பங்கு வைத்தால் சின்ன ஆட்டின் வைத்திருப்பவரும் செட் வைத்திருப்பவரும் மனசு கேட்காமல் கால் பண்ணுவார்கள். நடிக்க நினைத்தவருக்கு ரெய்ஸ் செய்தாக வேண்டும், அதற்குத் துணிச்சல் கொஞ்சம் அதிகமாகவே வேண்டும்.

மூன்று நாலு பேர் பாட்டில் இருக்கும்போது இதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். யாரோ ஒருவரிடம் பெரும்பாலும் நல்ல கை இருக்கும்.

எப்படிப் பழகுவது?

முதலில் தனியாக. மேலே சொன்ன ஆட்டத்தின் ஐந்து பொதுச் சீட்டையும் உங்கள் 10, 9-ஐயும் தரையில் பரப்புங்கள். மிச்சக் கட்டிலிருந்து எதிராளிக்கு இருக்கக்கூடிய கைகளை எடுத்து மூன்று குவியலாக வையுங்கள்: கால் பண்ணும் மட்டமானவை, ஜெயிக்கும் கைகள், ஏமாந்தவை. அடுத்து ரிவர் சீட்டை மட்டும் மாற்றுங்கள். இஸ்பேடு 2-க்குப் பதில் ஒரு ஏஸ் விழுந்தால்? ராணி-ஜாக்கி அத்தனையும் ஸ்ட்ரெய்ட் ஆகிவிடும். ஏஸ்-4 இரண்டு ஜோடியாகிவிடும். கால் பண்ணும் மட்டமான குவியல் ஒரேயடியாகச் சுருங்கும், அந்த ரிவரில் செக் சொல்வதே சரி. இப்படிச் சீட்டை மாற்றி மாற்றிக் குவியல் பிரிக்கப் பழகினால், மேசையில் உட்காரும்போது மூன்றாம் படி தானாக ஓடும்.

அப்புறம் நண்பர்களோடு. மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில், முதல் ஒரு மணி நேரம் ரிவர் முடிந்ததும் கீழே போட்டவர்கள் உட்பட எல்லோரும் சீட்டைத் திறந்து காட்ட வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். காசில்லாத ஆட்டம் என்பதால் யாரும் மறுக்க மாட்டார்கள். சின்ன பெட்டுக்குக் கால் பண்ணியவரிடம் நிஜமாகவே என்ன இருந்தது, கீழே போட்டவர் எதைப் போட்டார் என்று கண்ணால் பார்க்கக் கிடைக்கும்.

நோட்டில் ஒவ்வொரு சின்ன பெட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பாட் எவ்வளவு, வைத்தது எவ்வளவு, எதிராளி யார், என்ன செய்தார், கடைசியில் காட்டியது என்ன. ஒரு பக்கம் நிரம்பியதும் இரண்டே விஷயங்களைப் பாருங்கள். கால் பண்ணியவர்களில் பாதிக்கு மேல் உங்களைவிட மட்டமான கை காட்டினார்களா? பாதிக்குக் குறைவாக இருந்தால், ஒன்று நீங்கள் அதிகமாக வைக்கிறீர்கள், இல்லையென்றால் ரொம்ப மட்டமான கைகளில் வைக்கிறீர்கள். ரெய்ஸ் வந்தபோதெல்லாம் கீழே போட்டீர்களா, இல்லை கால் பண்ணினீர்களா? கால் பண்ணிய வரிகளுக்குப் பக்கத்தில் போன புள்ளியைச் சிவப்பு மையில் எழுதி, பக்கத்தின் கடைசியில் கூட்டிப் போடுங்கள். அந்தக் கூட்டுத்தொகை சின்ன பெட்டில் சம்பாதித்ததைவிடப் பெரிதாக இருந்தால், அடுத்த வாரம் ரெய்ஸுக்கு ஒரு தடவைகூடக் கால் பண்ணுவதில்லை என்று வைத்துக்கொண்டு ஆடிப் பாருங்கள்.